தலையசைக்காத வாரம்

காளீஸ்வரியை அந்த அறைக்குள் விடக் கூடாது என்று முடிவெடுத்தவர் டாக்டர் இல்லை. அவள் பெற்ற மகள்தான்.

"நீ உள்ளே போனா பேசுவே. நீ பேசினா அப்பா தலையை ஆட்டுவாரு. இடது கண்ணு அப்படித்தான் போச்சு. வலது கண்ணாவது மிஞ்சட்டும்மா."

"நான் அப்படி என்னத்தைப் பேசிட்டேன்? கீரைக்காரம்மா வந்துட்டுப் போனாங்க, மாடியில வத்தல் காயுதுன்னு நாலு வார்த்தை..."

"நாலு வார்த்தையா?" நிலானிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "ஒவ்வொரு வத்தலுக்கும் ஒரு தடவை ஆட்டியிருக்காரு. டாக்டர் படம் போட்டுக் காட்டினாங்கல்ல?"

காளீஸ்வரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே அவள் கணவர் ஜெயப்பாண்டி, நிமிர்ந்த முதுகுடைய பெரிய நாற்காலியில், நெற்றியிலும் தாடையிலும் பெல்ட்டு போட்டுச் சிலை மாதிரி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். தூங்குவதும் அப்படியே. ஒரு வாரத்துக்கு.

விருதுநகரைத் தாண்டி நாற்கரச் சாலையோரம் இருந்தது அந்தக் கண் மருத்துவமனை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்கள். எல்லோருக்கும் ஒரே நோய், தூள்மூட்டம். சூடான சாம்பாரைப் பையில் கட்டி வாங்கியவர்கள், வெயிலில் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தவர்கள், காற்றில் பறந்த பைத் தூளை எல்லாம் சுவாசித்தவர்கள். உடம்புக்குள் போன பிளாஸ்டிக், நாற்பது வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற நீரில் வந்து தங்கிவிடும். கீழே இறங்காது, மேலேயும் போகாது. உலகம் சாணித்தாளில் சுற்றிய மாதிரி ஆகிவிடும். சர்க்கரை, பிரஷர் என்று சொல்வதைப் போல அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர், "எனக்குத் தூள்மூட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயப்பாண்டிக்கு மற்றவர்களைவிட அதிகம். அவர் பிளாஸ்டிக் குடக்கடை வைத்திருந்தவர். பழைய குடத்தைக் கொடுத்தால் புதுக் குடத்தில் விலை குறைத்துத் தருவார். பழையதைக் கடைக்குப் பின்னால் இருந்த அரவை மெஷினில் போட்டுத் தூளாக்கி, குடம் வார்க்கும் கம்பெனிக்கே அனுப்புவார். குடம் விற்பது சட்டப்படி நின்றுபோய்ப் பல வருடம் ஆன பிறகும், அவர் இருமினால் கலர் கலராக வரும் என்று காளீஸ்வரி கேலி செய்வாள்.

வைத்தியம் தொடங்குமுன் டாக்டர் ஷிஃபானா அவர்களை உட்கார வைத்து விளக்கியிருந்தாள். மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"கண்ணுக்குள்ள இருக்கிற கூழை எடுத்துட்டு, நாங்க தயாரிச்ச கரைசலை விடுவோம். உப்பும் பசையும் கலந்தது. தூளெல்லாம் அது வழியா மெதுவா இறங்கி அடியில சேர்ந்திடும். சேர்ந்ததும் ஊசியால உறிஞ்சி எடுத்திடுவோம். அவ்வளவுதான்."

"பச்சைத் தண்ணியை விட்டா சட்டுன்னு இறங்கிடாதா டாக்டரம்மா?"

"கண்ணு சுருங்கிடும்மா. உருண்டையா நிக்கணும்னா கெட்டியா இருக்கணும். அந்தப் பசை இருக்கே, அது இடியாப்பம் மாதிரி நூல் நூலா இருக்கும். உப்பு போட்டா நூல் சுருண்டு, கரைசல் இளகும், தூள் வேகமா இறங்கும். ஆனா ஓர் அளவுக்கு மேல உப்பு போட்டா கண்ணு தாங்காது."

"கறிக்குப் போடுற மாதிரி பார்த்துப் போடணும்."

"அதேதான். இன்னொரு விஷயம். தலையை அசைக்கக் கூடாது. அசைச்சா தூளெல்லாம் கலங்கிப்போய்ப் பார்க்கிற நரம்பு மேல ஒட்டிக்கும். ஒட்டினது வராது. கரைசலையும் ஒரு வாரத்துக்கு மேல உள்ளே விட்டு வைக்க முடியாது. ஒரு கண்ணுக்கு ஒரு தடவைதான்."

"புரியுதாங்க?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

ஜெயப்பாண்டி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழகாக ஆட்டினார்.

ஷிஃபானா அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அவர் ஆமாம் என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவார். இருக்கலாம் என்பதற்கும், நீ சொன்னால் சரி என்பதற்கும், காது கேட்கவில்லை என்பதற்கும்கூட. போனில் பேசும்போதும் ஆட்டுவார். "எதிர்ல இருக்கிறவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டால் அதற்கும் ஆட்டுவார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது தொடங்கிவிட்டது. அவர் அவளுக்குப் புது ஆள் இல்லை. அவள் அவருடைய கடையில் பச்சைக் குடம் வாங்கியவள். ஒழுகுகிறது என்று திரும்பக் கொண்டு போய் வேறு பச்சைக் குடம் வாங்கியவள். அதுவும் ஒழுகுகிறது என்று மறுபடி போனவள். அந்தக் கோடையில் அவள் வாங்கிய குடமெல்லாம் ஒழுகின. வீட்டார் பேசி முடித்து, மாப்பிள்ளை என்று அவரையே கூட்டி வந்தபோது, கொல்லைக் கதவோரம் கிடைத்த ஒரு நிமிடத்தில் அவள் நேராகவே கேட்டாள். "பிடிச்சிருக்கா?"

அவர் தலையை ஆட்டினார்.

அது ஆமாவா, பார்க்கலாமா என்று அவளுக்கு விளங்கவில்லை. கல்யாணம் ஆயிற்று, நிலானி பிறந்தாள், கடை வளர்ந்தது, கடை மூடியது. அவள் மட்டும் சண்டை வரும்போதெல்லாம், "ஒரு நாளாவது வாயைத் திறந்து பிடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்பாள். அவர் அதற்கும் ஆட்டுவார்.

இடது கண்ணுக்கு வைத்தியம் நடந்தபோது பெல்ட்டு கிடையாது. அசையாதீர்கள் என்று வாயால் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து காளீஸ்வரி பேசினாள். அவர் ஆட்டினார். கரைசலை எடுத்த அன்று அந்தக் கண் இருட்டாகவே திறந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர்தான் அவள் கையைத் தடவிப் பிடித்து, "விடு, இன்னொண்ணு இருக்குல்ல," என்றார்.

அவருக்காகவே மருத்துவமனை அந்தப் பெல்ட்டை வரவழைத்தது. முதலில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காளீஸ்வரி பேசாமல் இருக்கப் பழகினாள். அது அவளுக்குத் தெரியாத வேலை. வாயில் வந்த வார்த்தைகளை எல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல், வராந்தாவில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் கொஞ்சம் இறக்கி வைத்தாள். வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சி எடுத்து வருவாள். நர்ஸ் அதை உறிஞ்சு குழாய் வைத்து அவருக்குக் கொடுப்பாள்.

முதல் நாள் நர்ஸ் டம்ளரோடு வெளியே வந்து, "ஐயா உப்பு கம்மின்னு சொல்லச் சொன்னாங்க," என்றாள்.

"அவரா சொன்னாரு? வாயைத் திறந்தா?"

"வாயைத் திறந்துதான்மா. தலையைத்தான் ஆட்ட முடியாதே."

மறுநாள் உப்பு சரியாக இருந்தது. "இன்னிக்கு நல்லாயிருக்காம்," என்று செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள், "வெளியில ஃபேன் இருக்கான்னு கேட்டாங்கம்மா." காளீஸ்வரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருக்குன்னு சொல்லு," என்றாள். அங்கே ஃபேன் கிடையாது.

வாரம் முடியப்போகும் நேரத்தில் ஷிஃபானா தாயையும் மகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். சுவரில் பெரிய திரை. அதில் அந்த நொடியில் தெரிவது ஜெயப்பாண்டியின் வலது கண்ணின் உள்பக்கம் என்றாள். மங்கலான வெளிச்சத்தில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் தூள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தீபாவளிக் கடைத் தெருவை நிறுத்திப் படம் பிடித்த மாதிரி ஒன்றுகூட நகரவில்லை.

"தலை ஒரு துளிகூட அசையலை. இவ்வளவு ஒழுங்கா உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனா..." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "தூள் இறங்கலை. மத்தவங்களுக்கு இந்நேரம் பாதிக்கு மேல இறங்கிடும்."

"குடத்துத் தூள் மிதக்குதோ?" என்றாள் நிலானி.

"நானும் முதல்ல அப்படித்தான் பயந்தேன். குடம் பிளாஸ்டிக் தண்ணியைவிட லேசு. ஆனா அப்பாகிட்ட கேட்டேன். கம்பெனிக்காரங்க கனத்துக்குச் சுண்ணாம்புத் தூள் கலப்பாங்களாம். அதனால இது மூழ்குற சரக்குதான்."

"அவ்வளவு கலப்படத்தையா நாங்க காசு கொடுத்து வாங்கினோம்?" என்று காளீஸ்வரிக்குப் பழக்கத்தில் கோபம் வந்து, உடனே போய்விட்டது. "உப்பு கூட்ட முடியாதா டாக்டரம்மா?"

"எல்லைக்கு வந்தாச்சும்மா. நாளைக்குக் கரைசலை எடுத்தாகணும். தூள் இப்படித் தொங்கிட்டு இருக்கும்போது எடுத்தா, நரம்புல போய்ப் படிஞ்சிடும்."

நிலானி அழத் தொடங்கினாள். காளீஸ்வரி அழவில்லை. எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"நான் உள்ளே போறேன்."

"அம்மா!"

"எப்படியும் போகப்போற கண்ணுன்னா, போறதுக்கு முன்னாடி அது வெறுஞ்சுவரைப் பார்க்க வேண்டாம். என்னைப் பார்க்கட்டும். பேச மாட்டேன். சத்தியமா."

ஷிஃபானா கதவைத் திறந்துவிட்டாள்.

அறைக்குள் மருந்து வாசனை. காளீஸ்வரி அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வளையல் மட்டும் ஒரு தடவை சிணுங்கியது.

"காளியா?"

அவள் பதில் சொல்லவில்லை.

"ஆரஞ்சுப் புடவையா? என்னமோ ஆரஞ்சா தெரியுது." அவர் குரல் பல நாள் பயன்படாத கதவு மாதிரி இருந்தது. "இத்தனை நாளா எங்கே போனே?"

"இங்கேதான் இருந்தேன். வெளியில. பேச வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அதான் பார்த்தேன். உலகமே நின்ன மாதிரி இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "பேசு," என்றார்.

"பேசினா ஆட்டுவீங்க."

"பெல்ட்டு இருக்குல்ல. பேசு. வத்தல் என்னாச்சு?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "அதை ஏன் கேக்குறீங்க? எதிர்வீட்டுத் தம்பி வளர்க்கிறாரே ஒரு பூனை, அது முறத்து மேலேயே படுத்துத் தூங்கிட்டு இருக்கு. விரட்டினா என்னை முறைக்குது. நான் அவர்கிட்ட போய், உங்க பூனைக்கு வத்தக்குழம்பு வேணும்னா நேராக் கேக்கச் சொல்லுங்கன்னேன். அவரு என்ன சொல்லுறாரு தெரியுமா? பூனை உங்க வீட்டுக்காரரு மாதிரிக்கா, வாயைத் திறக்காதுன்னு..."

பெல்ட்டுக்குள் ஜெயப்பாண்டியின் தலை ஆடியது. அவரால் வழக்கம் போல் ஆட்ட முடியவில்லை. ஒரு நூல் அளவு இந்தப் பக்கம், ஒரு நூல் அளவு அந்தப் பக்கம். அவ்வளவுதான் பெல்ட்டு விட்டது. காளீஸ்வரிக்கு அது தெரியவே இல்லை. ரேஷன் கடை, தண்ணீர் லாரி, நிலானியின் மாமியார் கால்வலி என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் ஒரு நூல் அளவு சம்மதித்துக்கொண்டே இருந்தார்.

கதவு படாரென்று திறந்தது. ஷிஃபானா மூச்சு வாங்க நின்றாள். காளீஸ்வரி குற்றவாளி போல எழுந்தாள். "நான் பேசலை, அவருதான் வத்தலைக் கேட்டாரு..."

"நிறுத்தாதீங்க!"

"என்னது?"

"பேசுங்கம்மா! இறங்குது! தூள் இறங்குது! பேசிக்கிட்டே இருங்க!"

காளீஸ்வரி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நாற்பது வருடமாக எல்லோரும் அவளிடம் கொஞ்சம் பேசாமல் இரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பேசு என்று கட்டளை போட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னத்தைப் பேச?"

"எதையாவது!"

"எதையாவதுன்னா எப்படிம்மா? திடீர்னு கேட்டா..."

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நிலானி மாமியாருக்குக் கால் எப்படி இருக்கு?"

"கால் எங்கே வலிக்குது அவங்களுக்கு? நம்ம வீட்டுக்கு வர்றதுன்னா மட்டும்தான் வலிக்கும்! போன மாசம் திருச்செந்தூர் போனாங்களே, கடற்கரை முழுக்க நடந்தாங்களாம்..."

இனி அவளை யாராலும் நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் ஷிஃபானா நிலானியைத் திரைக்கு முன்னால் இழுத்து வந்தாள்.

தொங்கிக்கொண்டிருந்த கடைத் தெரு கலைந்திருந்தது. ஒரு சிவப்புத் தூள் மெதுவாக வழுக்கி இறங்கியது. அது போன வழியிலேயே ஒரு பச்சை. பின்னால் வந்த பச்சை வேகமாக வந்து சிவப்பைத் தொட்டுக்கொண்டது. இரண்டும் சேர்ந்து இன்னும் வேகமாக இறங்கின. அவற்றுக்குப் பின்னால் நீலம். கல்யாண வீட்டுக்குள் நுழைகிற சொந்தக்காரர்கள் மாதிரி, ஒருவர் பின் ஒருவராக.

"எப்படி டாக்டர்?" நிலானி கண்ணைத் துடைக்க மறந்து கேட்டாள்.

"சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தா சாஸ் விழாது. லேசாத் தட்டினா விழும். அந்த மாதிரிதான் இந்தக் கரைசலும். இடது கண்ணுல அப்பா வீசி வீசி ஆட்டினாரு, கலங்கிடுச்சு. இப்போ பெல்ட்டு போட்டு ஒரேயடியா நிறுத்தினேன், நூலெல்லாம் பின்னி வலையாயிடுச்சு. மத்தவங்க பெல்ட்டு இல்லாம கொஞ்சம் நெளிஞ்சாங்க, அதனால தப்பிச்சாங்க. இவருக்கு வேண்டியது இந்த நூலளவு ஆட்டம். முன்னாடி போற தூள் வழியைக் கொஞ்ச நேரம் இளக்கிட்டுப் போகுது. பின்னாடி வர்றது அந்த வழியில சுலபமாப் போகுது." அவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "நான் படிச்ச புத்தகத்துல அசையவே கூடாதுன்னுதான் இருக்கு. அதை எழுதினவங்க ஊர்ல ஆமான்னு சொல்லத் தலையை இப்படி ஆட்ட மாட்டாங்க போல."

நிலானி காபி வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அம்மாவின் தொண்டை கட்டியிருந்தது. டம்ளரை நீட்டி, "குடிச்சிட்டுப் பேசும்மா," என்றாள். அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். காளீஸ்வரிக்கு அது போதும்.

மறுநாள் மதியம் கரைசலை எடுத்தார்கள். அடியில் சேர்ந்த தூளை முதலில் உறிஞ்சி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டு மூடினார்கள். கட்டை அவிழ்த்ததும் ஷிஃபானா விரல்களைக் காட்டினாள். ஜெயப்பாண்டி சரியாகச் சொன்னார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கீழ் வரி வரை படித்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தலை துளிகூட அசையக் கூடாது. நூலளவுகூடக் கூடாது. ஊசி குத்தின இடம் ஆறணும்," என்று சொல்லிவிட்டு, குப்பியை மேஜை மேல் வைத்து, நிலானியையும் அழைத்துக்கொண்டு ஷிஃபானா வெளியே போனாள்.

இருவரும் தனியாக இருந்தார்கள். ஒற்றைக் கண்ணால் அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அப்படிப் பார்க்குறீங்க?"

"முடி இவ்வளவு வெளுத்துப்போச்சா?"

"வெளுத்து மூணு வருஷம் ஆச்சு. உங்களுக்குத்தான் தெரியலை." அவள் கை தானாக முடியை ஒதுக்கியது. பிறகு, கேட்க நினைக்காமலேயே கேட்டுவிட்டாள். "பிடிச்சிருக்கா?"

அவர் கழுத்து அசையப் புறப்பட்டது. காளீஸ்வரி சட்டென்று இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டக் கூடாது! வாயைத் திறந்து சொல்லுங்க."

ஜெயப்பாண்டி, "உன் குடம் ஒண்ணுகூட ஒழுகலை," என்றார்.

"என்ன?"

"நீ திருப்பிக் கொடுத்த முதல் குடத்துல தண்ணி ரொப்பி வச்சுப் பார்த்தேன். விடிய விடிய நின்னுச்சு. ஒரு சொட்டுக்கூட ஒழுகலை."

காளீஸ்வரிக்கு முகம் சூடாயிற்று. அந்த வயதில் அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "அப்புறம் ஏன் மாத்திக் கொடுத்தீங்க? அத்தனை தடவையும்?"

"மாத்திக் கொடுக்கலைன்னா நீ மறுபடி எப்படி வருவே?"

"அந்தக் குடத்தையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"புதுக் குடந்தான். வித்திருக்கலாம். ஆனா நீ இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போனதை இன்னொருத்தருக்குக் கொடுக்க மனசு வரலை. ஆளுங்க கையிலயும் விடலை. நானே ஒவ்வொண்ணா அரவையில போட்டேன்."

காளீஸ்வரி மேஜையைப் பார்த்தாள். குப்பியின் அடியில் தூள் அமைதியாகப் படிந்திருந்தது. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் நீலம். மற்றதெல்லாம் பச்சை.

அவள் அவர் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. இடது பக்கத்து இருண்ட கண்ணையும் வலது பக்கத்துத் தெளிந்த கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன காளி, சத்தத்தையே காணோம்?" என்றார் அவர். "புரியுதா நான் சொல்றது?"

அவள் தலையை ஆட்டினாள்.

அது ஆமாவா என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் இப்போது நன்றாகத் தெரிகிறதே.